மருத்துவமனையில் துப்பாக்கிச் சூடு: பணியாளர்களுக்கான ஒத்திகையைத் திட்டமிடுவது எப்படி?

மருத்துவமனையின் அவசரகால ஆயத்தப் பொறுப்பு முதன்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீ விபத்து ஒத்திகையை நடத்தத் தெரிந்தவர்கள் உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். பேருந்து கவிழ்ந்து ஒரே நேரத்தில் 40 பேர் வந்து சேர்ந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் கோப்பில் ஒரு திட்டம் இருக்கும். ஆனால் துப்பாக்கியோடு ஒருவர் உள்ளே நுழைந்து எதிர்ப்பட்டவர்களைச் சுடத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சுவரில் ஒட்டிய ஒரு தாளையோ பணியில் சேர்ந்த நாளில் காட்டப்பட்ட ஒரு காணொளியையோதான் பதிலாகச் சொல்வார்கள். அந்தத் தாளிலிருந்து செயல்படக்கூடிய ஒரு பயிற்சிக்கு எப்படிப் போவது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய நிகழ்வுகளும் அவற்றைப் பற்றிய ஆய்வுகளும் அமெரிக்காவில்தான் மிகுதி என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. செய்முறை எந்த நாட்டு மருத்துவமனைக்கும் பொருந்தும்.

முதல் படி: எதைச் சோதிக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

ஒத்திகை என்றதும் முகமூடி அணிந்த ஒருவர் நடைக்கூடத்தில் ஓடிவருவதும், வெற்றுத் தோட்டா வெடிப்பதும், செவிலியர்கள் அலறுவதுமான ஒரு காட்சி பலர் மனத்தில் எழுகிறது. அதை முதலில் அகற்றிவிடுங்கள். பணியாளர்களின் துணிச்சல் உங்கள் சோதனைக்கு உரியதன்று. கதவு பூட்டுகிறதா, தொலைபேசி அழைப்பு உரியவரை எட்டுகிறதா, அறிவிப்பு கேட்பவருக்குப் புரிகிறதா, எந்த முடிவை யார் எடுப்பது என்பது முன்கூட்டியே தெளிவாகியிருக்கிறதா ஆகியவற்றையே நீங்கள் சோதிக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் 2022 டிசம்பரில், அரசு நடத்திவந்த சிறார் மனநல மருத்துவமனை ஒன்றில், ஆயுததாரிகள் உள்ளே புகுந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்து ஓர் ஒத்திகை நடத்தப்பட்டது. அது ஒத்திகை என்பது பணியாளர்களுக்கும் தெரியாது, அங்கிருந்த குழந்தைகளுக்கும் தெரியாது. உண்மை என்று நம்பி ஒளிந்துகொண்டவர்கள் வெளியே தகவல் அனுப்ப, காவலர்கள் உண்மையான ஆயுதங்களோடு வந்து சேர்ந்தார்கள். வழக்கு தொடரப்பட்டது, இறுதியில் மாநில அரசு 1.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அச்சத்தில் உறைந்திருந்தவர்கள் அந்த ஒத்திகையிலிருந்து எதைக் கற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன்னறிவிப்பு இல்லாத துப்பாக்கி ஒத்திகையை எந்தக் காரணத்துக்காகவும் நடத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 'சொல்லிவிட்டுச் செய்தால் உண்மைத்தன்மை போய்விடும்' என்று மேலாண்மைக் குழுவில் யாரேனும் வாதிட்டால், இந்த வழக்கை நினைவூட்டுங்கள்.

நோக்கத்தை மூன்று அல்லது நான்கு வாக்கியங்களில், அளந்து பார்க்கக்கூடிய வகையில் எழுதிக்கொள்ளுங்கள். 'பணியாளர்களிடையே விழிப்புணர்வை உண்டாக்குதல்' என்பதை அளக்க முடியாது. 'ஆயுதத்தைக் கண்டவர் சொன்ன நொடியிலிருந்து ஒலிபெருக்கி அறிவிப்பு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது', 'மூன்றாம் தளத்தில் உள்ள அறைகளில் எத்தனையை உள்ளிருந்து பூட்ட முடிந்தது' போன்றவற்றை அளக்க முடியும்.

நேரத்தை ஏன் நொடிக்கணக்கில் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை நடந்த இத்தகைய 160 நிகழ்வுகளை எஃப்.பி.ஐ ஆராய்ந்தபோது, அவற்றில் 63 நிகழ்வுகளின் கால அளவைத்தான் கணிக்க முடிந்தது. அந்த 63-இல் 44 நிகழ்வுகள் 5 நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. 23 நிகழ்வுகள் 2 நிமிடங்களுக்குள்ளேயே முடிந்திருந்தன. காவல்துறை எவ்வளவு விரைவாக வந்தாலும், முதல் சில நிமிடங்களுக்கு அங்கிருப்பவர்கள் தாங்களாகவேதான் செயல்பட்டாக வேண்டும். உங்கள் பயிற்சி அந்தச் சில நிமிடங்களுக்கானது.

இரண்டாம் படி: பொது முழக்கத்தை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

'ஓடு, ஒளி, போராடு' என்ற முழக்கம் 2012-இல் ஹூஸ்டன் நகர நிர்வாகத்தின் வழியாகப் பரவலாகி, பின்னர் அமெரிக்கக் கூட்டரசு அமைப்புகளாலும் ஏற்கப்பட்டது. பிரிட்டனில் அதுவே 'ஓடு, ஒளி, சொல்' என்று வழங்குகிறது. அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இது நன்றாகவே பொருந்தும். வெளிநோயாளர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் உணவகத்திலும் இருப்பவர்களுக்கு நீங்களும் இதையே கற்பிக்கலாம். வழி இருந்தால் பொருட்களை விட்டுவிட்டு வெளியேறுங்கள். வழி இல்லையேல் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஓசையின்றி இருங்கள். வேறு எதுவுமே இயலாத நிலையில், கையில் கிடைப்பதைக் கொண்டு எல்லோரும் சேர்ந்து தாக்குங்கள்.

சிக்கல் உள்நோயாளர் பகுதியில் தொடங்குகிறது. வயிறு திறந்த நிலையில் மேசையில் கிடக்கும் நோயாளியை விட்டு அறுவை மருத்துவர் எங்கே ஓடுவார்? வெண்டிலேட்டரில் இருப்பவரை எந்தக் கட்டிலுக்கு அடியில் ஒளிப்பது? இன்குபேட்டரில் இருக்கும் சிசுவுக்கு 'ஓடு' என்ற சொல்லால் என்ன பயன்? 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு மருத்துவ இதழில் இதை வெளிப்படையாக எழுப்பி, நோயாளியை விட்டு நகர முடியாத பகுதிகளுக்கு வேறொரு வரிசையை முன்மொழிந்தார்கள். இடத்தை உடனே பூட்டிப் பாதுகாப்பது முதலாவது. நோயாளிகளின் உயிரையும் தங்கள் உயிரையும் காத்துவைப்பது இரண்டாவது. தவிர்க்கவே முடியாதபோது போராடுவது மூன்றாவது. தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, பிரசவ அறை, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகியவற்றுக்கு இந்த வரிசையே பொருத்தமானது என்று நான் கருதுகிறேன்.

இங்கே ஓர் அறநெறிக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நோயாளியை விட்டுவிட்டு ஓடலாமா? அமெரிக்கச் சுகாதாரத் துறை 2014-இல் வெளியிட்ட, மருத்துவ நிறுவனங்களுக்கான வழிகாட்டல் இந்தக் கேள்வியை மறைக்காமல் பேசுகிறது. இதற்கு ஒற்றை விடை கிடையாது. தன் உயிரைக் காத்துக்கொள்ள விலகிய ஒருவரை நிறுவனம் குற்றவாளியாக்காது என்பதையும், நோயாளியோடு இருக்க முடிவெடுத்தவரைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றாது என்பதையும் மேலாண்மை எழுத்தில் தர வேண்டும். இதைப் பற்றி வார்டு அளவில் அமைதியான ஒரு நாளில் பேசி முடித்திருந்தால்தான், அந்த நேரத்தில் கைகள் செயல்படும். நான் பரிந்துரைக்கும் முறை இது: ஒவ்வொரு பிரிவின் தலைமைச் செவிலியரும் தம் பிரிவுக்கான விடையை ஒரே தாளில் எழுத வேண்டும். நகரக்கூடிய நோயாளிகளை யார் எங்கே கொண்டுபோவது, நகர முடியாதவர்களின் அறைக் கதவை யார் பூட்டுவது, நரம்பு வழியே மருந்து செலுத்தும் கருவியின் எச்சரிக்கை ஒலியை யார் குறைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் பெயர்களுக்குப் பதிலாகப் பணிப் பொறுப்புகளைக் குறிப்பிட்டால் போதும். பெயர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறிவிடும்.

மூன்றாம் படி: கட்டடத்தை நடந்து பாருங்கள்

ஒத்திகைக்கு முன் பாதுகாப்பு அதிகாரி, பராமரிப்புப் பொறியாளர், அந்தந்த வார்டின் செவிலியர் ஆகிய மூவரோடும் கட்டடம் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். காவல்துறையினர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதற்கு ஒரு முழு நாள் ஆகலாம். ஒத்திகையைவிட இந்த நடையிலேயே மிகுதியாகக் கற்பீர்கள்.

மருத்துவமனைக் கதவுகள் ஸ்ட்ரெச்சர் நுழைவதற்காக அகலமாகக் கட்டப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஒவ்வொரு கதவிலும் நின்று கேட்க வேண்டியவை: உள்ளிருந்து பூட்ட முடியுமா? சாவி தேவையா, தேவையெனில் இரவு ஷிஃப்டில் அது யாரிடம் இருக்கும்? கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? உள்பக்கம் திறக்கும் கதவைக் கட்டிலை நகர்த்தி அதன் சக்கரங்களைப் பூட்டித் தடுக்கலாம். வெளிப்பக்கம் திறக்கும் கதவின் முன் எதைக் குவித்தாலும் பயனில்லை, கைப்பிடியைக் கட்டி இழுத்துப்பிடிக்கத்தான் வேண்டும். அடையாள அட்டையைத் தொட்டால் மட்டும் திறக்கும் மருந்து அறை, துணி அறை போன்றவை நல்ல புகலிடங்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதைப் புதிதாகச் சேர்ந்த மாணவச் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

கண்ணுக்கு மறைவான இடமும் தோட்டாவைத் தடுக்கும் இடமும் ஒன்றல்ல என்பதை நடக்கும்போதே விளக்குங்கள். திரைச்சீலையும் மெல்லிய தடுப்புச் சுவரும் மரக் கதவும் ஆளை மறைக்கும், தோட்டாவை நிறுத்தா. கான்கிரீட் தூணும் தடித்த செங்கல் சுவரும் இரண்டையும் செய்யும். பூட்டிய அறைக்குள்ளும் கதவுக்கு நேராக உட்காராமல், பக்கவாட்டுச் சுவரை ஒட்டித் தரையில் அமர வேண்டும்.

தீயணைப்பு எச்சரிக்கை மணியை இழுப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் செயல். அதைச் செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். மணி கேட்டதும் அறைக்குள் பாதுகாப்பாக இருந்தவர்கள் நடைக்கூடத்துக்கு வருவார்கள். அதோடு, காந்தப் பூட்டுள்ள பல கதவுகள் தீ மணி அடித்ததும் தாமாகத் திறந்துகொள்ளும்படியே அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கட்டடத்தில் எந்தக் கதவுகள் அப்படித் திறக்கும் என்பதைப் பராமரிப்புப் பிரிவிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிறு செய்தி: எம்.ஆர்.ஐ அறையின் காந்தம், கருவி இயங்காதபோதும் விசையோடுதான் இருக்கும். அது காவலரின் துப்பாக்கியைக் கையிலிருந்து பிடுங்கிவிடும். அந்த அறையின் இடத்தைக் காவல்துறைக்கு முன்கூட்டியே காட்டி, அவர்களுக்குத் தரும் வரைபடத்திலும் தெளிவாகக் குறித்துவையுங்கள்.

நான்காம் படி: அறிவிப்பு வாசகத்தை எழுதுங்கள்

பல அமெரிக்க மருத்துவமனைகளில் ஆயுதம் ஏந்தியவரைக் குறிக்க 'கோட் சில்வர்' என்று அறிவிக்கிறார்கள். ஆனால் வண்ணக் குறியீடுகள் எல்லா இடங்களிலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை; நேற்று வேறொரு மருத்துவமனையிலிருந்து மாறிவந்த மருத்துவருக்கு அந்தச் சொல் வேறு எதையேனும் குறிக்கலாம். தென் கலிபோர்னிய மருத்துவமனைச் சங்கம் 2000-இல் ஒரே சீரான குறியீட்டு முறையைக் கொண்டுவர முனைந்ததே, ஒரு துப்பாக்கிச் சூட்டின்போது தவறான குறியீடு அறிவிக்கப்பட்டு மூவர் உயிரிழந்த பின்னர்தான். மேலும், பார்வையாளர்களுக்கும் நோயாளிகளுக்கும் குறியீடு எதையும் உணர்த்தாது. ஆகவே எளிய சொற்களையே பயன்படுத்துங்கள்: "கவனியுங்கள். துப்பாக்கியுடன் ஒருவர் இருக்கிறார். இடம்: மூன்றாம் தளம், கிழக்கு வார்டு. அந்தப் பகுதிக்குப் போகாதீர்கள். அருகில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் அல்லது கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்." இதை மூன்று முறை சொல்ல வேண்டும், இடம் மாறினால் மீண்டும் சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் பீதி பரவும் என்று அஞ்சுபவர்கள் இருப்பார்கள். எங்கே போகக் கூடாது என்று தெரியாமல் நேராக அந்த வார்டுக்கே நடந்து செல்பவரின் நிலையோடு ஒப்பிட்டால் அந்தப் பீதி சிறிது.

அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் பல திட்டங்கள் இடறுகின்றன. கண்டவர் மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவர் நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அவர் உறுதி செய்துகொண்டு ஆணையிடும் சங்கிலி இருந்தால், மேலே சொன்ன 2 நிமிடங்களும் அதிலேயே கழிந்துவிடும். ஆயுதத்தைக் கண்ட எவரும் தொலைபேசி இயக்குநரை நேரடியாக அழைக்கலாம், இயக்குநர் யாருடைய ஒப்புதலும் இன்றி அறிவிக்கலாம், அதேபோல் எவரும் காவல்துறை அவசர எண்ணை நேரடியாக அழைக்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பவர் சொல்ல வேண்டியவை: மருத்துவமனையின் முழு முகவரி, கட்டடத்தின் பெயர், தளம், துப்பாக்கிதாரிகளின் எண்ணிக்கை, உடையும் தோற்றமும், ஆயுதம் எத்தகையது, காயமடைந்தவர்கள் எத்தனை பேர். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் பணிபுரிந்தும் கட்டடத்தின் தெருப்பக்க முகவரியைச் சொல்லத் தெரியாதவர்கள் இருப்பார்கள். அதை ஒவ்வொரு தொலைபேசியிலும் ஒட்டிவிடுவது செலவில்லாத தீர்வு.

ஐந்தாம் படி: மேசையைச் சுற்றி அமர்ந்து தொடங்குங்கள்

முதல் ஒத்திகையில் யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒரு கட்டட வரைபடம், ஒன்றரை மணி நேரம் போதும். செவிலியர், மருத்துவர், பாதுகாவலர், தொலைபேசி இயக்குநர், துப்புரவுப் பணியாளர், பராமரிப்புப் பணியாளர், காவல்துறைப் பிரதிநிதி ஆகியோர் இருக்கட்டும். நடத்துநர் ஒரு காட்சியைச் சிறு சிறு துண்டுகளாகச் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் 'இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?' என்று ஒவ்வொருவரையும் கேட்பார்.

காட்சியைத் திரைப்படங்களிலிருந்து எடுக்காமல் உண்மையிலிருந்து எடுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் 2000 முதல் 2011 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, 148 மருத்துவமனைகளில் 154 நிகழ்வுகளைக் கண்டறிந்தது. அவற்றில் 91 கட்டடத்துக்குள் நடந்தவை; 63 வாகன நிறுத்துமிடம் போன்ற வெளிவளாகத்தில் நடந்தவை. காரணங்களில் பழிவாங்கும் எண்ணம் 27 விழுக்காடு, தற்கொலை 21, நோயுற்ற உறவினரின் துன்பத்தை முடித்துவைக்கும் எண்ணம் 14, கைதி தப்பிக்கும் முயற்சி 11 விழுக்காடு. அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தவற்றுள் 23 விழுக்காட்டில் பயன்பட்டது, பாதுகாவலரிடமிருந்தே பறித்த துப்பாக்கி. இதைப் படித்தபின், முன்பின் தெரியாத ஒருவர் முன்வாயிலில் சுட்டுக்கொண்டே நுழைவது என்ற ஒரே காட்சியை மட்டும் பயிற்சி செய்வது எவ்வளவு குறைபாடானது என்பது விளங்கும். விலங்கிட்ட கைதியைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் காட்சி ஒன்று, முதிய நோயாளியின் கணவர் பையில் துப்பாக்கியோடு பார்வை நேரத்தில் வரும் காட்சி ஒன்று, பணிநீக்கப்பட்ட ஊழியர் திரும்பிவரும் காட்சி ஒன்று என மாற்றி மாற்றி எடுங்கள்.

இந்தக் கடைசிக் காட்சிக்கு முன்னுதாரணம் உண்டு. 2017 ஜூன் 30 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ்-லெபனான் மருத்துவமனைக்கு அங்கே முன்பு பணியாற்றிய மருத்துவர் ஒருவர் வெள்ளை அங்கிக்குள் துப்பாக்கியை மறைத்து வந்தார். ஒரு மருத்துவரைக் கொன்று, ஆறு பேரைக் காயப்படுத்தினார். 2022 ஜூன் 1 அன்று ஓக்லஹோமாவின் டல்சா நகரில், முதுகு அறுவைக்குப் பின் தீராத வலிக்காக மருத்துவரைக் குறைசொல்லி வந்த நோயாளி, மருத்துவ வளாகத்தில் நால்வரைச் சுட்டுக் கொன்றார். இவை இரண்டும் மேசைப் பயிற்சியில் வேறொரு கேள்வியை எழுப்ப உதவும்: ஒருவர் மிரட்டியதைக் கேட்ட வரவேற்பாளர் அதை யாரிடம் சொல்வார்? சொன்னால் யார் அதை எடுத்து விசாரிப்பார்? பணியிலிருந்து விலகியவரின் அடையாள அட்டை எத்தனை மணி நேரத்தில் முடக்கப்படுகிறது? இக்கேள்விகளுக்கு அறையில் அமைதி நிலவினால், உங்கள் முதல் பணி எது என்பது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: ஐந்து நிமிடப் பயிற்சிகள்

மேசைப் பயிற்சிக்கும் முழு அளவு ஒத்திகைக்கும் இடையில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஐந்தே நிமிடங்களில் முடியும் சிறு பயிற்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஒத்திகையைவிட இவையே கைகளுக்குப் பழக்கத்தை ஊட்டுகின்றன. ஒரு நாள், ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு வெளியேறும் வழிகளைச் சுட்டிக்காட்ட வேண்டும். இன்னொரு நாள், ஒரு காலி அறைக்குள் நான்கு பேர் சென்று பூட்டி, கட்டிலால் தடுத்து, விளக்கை அணைத்து, தொலைபேசிகளின் அதிர்வையும் நிறுத்துவதற்கு எத்தனை நொடிகள் ஆகின்றன என்று பாருங்கள். மற்றொரு நாள், தொலைபேசி இயக்குநர் அறிவிப்பு வாசகத்தை ஒலிபெருக்கியை இயக்காமல் உரக்கப் படித்துப் பழகட்டும். கழிப்பறையிலும் மின்தூக்கிக் கூடத்திலும் எக்ஸ்ரே அறையிலும் ஒலிபெருக்கி கேட்கிறதா என்பதை வழக்கமான ஓர் அறிவிப்பின்போதே சரிபார்த்துவிடலாம்.

இரவு ஷிஃப்டையும் வார இறுதியையும் மறக்காதீர்கள். பகலில் பத்துப் பேர் செய்யும் வேலையை இரவில் மூவர் செய்ய வேண்டியிருக்கும். பூட்டும் பொறுப்பை ஏற்ற பணியிடமே அந்த நேரத்தில் இல்லாமலும் போகலாம்.

ஏழாம் படி: முழு அளவு ஒத்திகையும் அதன் பாதுகாப்பு விதிகளும்

அமெரிக்காவில் மெடிகேர் எனப்படும், முதன்மையாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகள் ஆண்டுக்கு இரண்டு அவசரகாலப் பயிற்சிகளை நடத்த வேண்டும் என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த ஆபத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, மருத்துவமனை தனக்குள்ள ஆபத்துகளை மதிப்பிட்டு எடுக்கும் முடிவு. விதி இருக்கிறதோ இல்லையோ, முதல் இரண்டு மூன்று மேசைப் பயிற்சிகள் முடியும்வரை முழு அளவு ஒத்திகைக்கு அவசரப்படாதீர்கள்.

இடம் நோயாளிகள் இல்லாததாக இருக்க வேண்டும்: மூடப்பட்ட ஒரு வார்டு, விடுமுறை நாளில் வெளிநோயாளர் கட்டடம், பயிற்சிப் பள்ளியின் மாதிரி வார்டு. நோயாளிகளாகத் தன்னார்வலர்களையும் பயிற்சிப் பொம்மைகளையும் பயன்படுத்துங்கள். நாளும் நேரமும் பணியாளர்கள், நோயாளிகள், அவர்களின் உறவினர்கள், அக்கம்பக்கத்துக் கட்டடங்கள், ஆம்புலன்ஸ் சேவை, காவல் கட்டுப்பாட்டு அறை அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அன்றைய தினம் வாயில்களில் அறிவிப்புப் பலகை வையுங்கள். ஒவ்வொரு ஒலிபெருக்கிச் செய்தியும் 'இது ஒத்திகை' என்று தொடங்கி 'இது ஒத்திகை' என்றே முடிய வேண்டும்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. ஒத்திகைப் பகுதிக்குள் உண்மையான துப்பாக்கியோ தோட்டாவோ நுழையக் கூடாது. இதற்கென ஒரு பாதுகாப்பு அதிகாரியை நியமித்து, ஒரே நுழைவாயிலில் பங்கேற்கும் காவலர்கள் உள்பட ஒவ்வொருவரையும் சோதித்து, சோதிக்கப்பட்டவரின் கையில் வண்ணப் பட்டை கட்டி அனுப்புங்கள். வெளியே போய்த் திரும்புபவரை மீண்டும் சோதிக்க வேண்டும். துப்பாக்கிதாரியாக நடிப்பவர் பளிச்சென்ற நிறத்திலான பிளாஸ்டிக் மாதிரியையே வைத்திருக்கட்டும்; அதுவும் இல்லாமல், கழுத்தில் 'துப்பாக்கிதாரி' என்ற அட்டையோடு நடந்து சென்றாலே போதுமானது என்பது என் எண்ணம். வெடி ஓசையும் போலி இரத்தமும் கற்றலுக்கு எதையும் கூட்டுவதில்லை. நடிப்பவர் யாரையும் தொடவோ துரத்தவோ கூடாது. உண்மையான அவசரம் ஏற்பட்டால் எவரும் சொல்லி ஒத்திகையை நிறுத்தக்கூடிய ஒரு சொற்றொடரைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். 'ஒத்திகை நிறுத்தம், உண்மை அவசரம்' என்பது போன்று, குழப்பத்துக்கு இடமில்லாததாக அது இருக்கட்டும்.

பங்கேற்பு விருப்பத்துக்கு உட்பட்டது. வன்முறையை நேரில் கண்டவர்களும் போர்ச் சூழலிலிருந்து வந்தவர்களும் உங்கள் பணியாளர்களில் இருக்கலாம்; அவர்கள் காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளவும், அதே பாடத்தை மேசைப் பயிற்சியில் கற்கவும் வழி செய்யுங்கள். மனநல ஆலோசகர் ஒருவர் அன்று அருகிலேயே இருப்பது நல்லது.

எட்டாம் படி: காவல்துறை வந்த பிறகு நடப்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்

பல ஒத்திகைகள் காவலர்கள் நுழைந்ததோடு முடிந்துவிடுகின்றன. முதலில் நுழையும் குழுவின் வேலை துப்பாக்கிதாரியைத் தடுப்பது மட்டுமே. காயமடைந்து கிடப்பவர்களைக் கடந்து அவர்கள் முன்னே செல்வார்கள்; இதைக் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது என்று மருத்துவப் பணியாளர்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். காவலர்களைக் கண்டதும் கையில் இருப்பதைக் கீழே போட்டு, விரல்களை விரித்துக் கைகளை உயர்த்தி நிற்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பும் கைப்பேசியும்கூட அந்தக் கணத்தில் ஆயுதமாகத் தெரியலாம். அவர்களை நோக்கி ஓடுவதோ பிடித்து இழுப்பதோ கூடாது. பூட்டிய அறைக்குள் இருப்பவர்கள் வெளியிலிருந்து வரும் குரலை நம்பிக் கதவைத் திறக்கக் கூடாது. காவலர்கள் சாவியோடு வந்து திறக்கும் முறையைக் காவல்துறையோடு பேசி முடிவு செய்து, முதன்மைச் சாவியும் அடையாள அட்டையும் வரைபடமும் அடங்கிய ஒரு பையை வாயிலருகே தயாராக வைத்திருங்கள்.

இரத்தப்போக்கை நிறுத்துவதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. அமெரிக்காவில் 2015-இல் தொடங்கிய 'இரத்தப்போக்கை நிறுத்து' இயக்கம் பொதுமக்களுக்கே இதைக் கற்பிக்கிறது. மருத்துவமனையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கரும் சமையல் பணியாளரும் பாதுகாவலரும் கற்க வேண்டியவர்களே. கை கால் காயங்களில், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது படாதபடி, டூர்னிகே எனப்படும் இறுக்குப் பட்டையைக் கட்டி இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும். வலிக்கிறது என்று கேட்டுத் தளர்த்தக் கூடாது. தோள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் துணியைக் காயத்துக்குள் திணித்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். இந்தப் பட்டைகள் அறுவைக் கிடங்கில் மட்டும் இருந்தால் பூட்டிய அறையில் இருப்பவருக்குப் பயன்படா. தளத்துக்கு இரண்டு இடங்களிலாவது வைக்க வேண்டும்.

பிறகு வருபவை: ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்புவது, குற்றம் நடந்த இடமாக முத்திரையிடப்பட்ட தளத்தில் இருந்த நோயாளிகளை மாற்றுவது, பணியாளர்கள் அனைவரும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று எண்ணுவது, உறவினர்கள் கூடுவதற்கு வளாகத்துக்கு வெளியே ஓர் இடம் ஏற்பாடு செய்வது. காயம்பட்ட துப்பாக்கிதாரிக்கே உங்கள் மருத்துவர்கள் சிகிச்சை தர நேரலாம். இவற்றை முழுமையாக நடித்துக் காட்டத் தேவையில்லை; மேசைப் பயிற்சியின் இரண்டாம் பகுதியாக வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்பதாம் படி: முடிந்ததும் அங்கேயே பேசுங்கள்

ஒத்திகை முடிந்த அரைமணி நேரத்துக்குள், பங்கேற்றவர்களை அதே இடத்தில் அமரவைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எது உங்களைக் குழப்பியது. பதவியில் இளையவர்களை முதலில் பேச விடுங்கள். துறைத் தலைவர் பேசி முடித்த பிறகு துப்புரவுப் பணியாளர் வாய் திறக்க மாட்டார். ஆனால் 'அந்தப் பூட்டு மூன்று மாதமாக வேலை செய்யவில்லை' என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். ஒத்திகையைக் கவனிக்க நின்றவர்கள் நொடிக்கடிகாரத்தில் குறித்த நேரங்களை அப்போதே படித்துக் காட்டுங்கள். தவறு செய்தவரின் பெயரைப் பதிவு செய்யாதீர்கள்.

இரண்டு வாரங்களுக்குள் எழுத்து வடிவில் ஓர் அறிக்கை வர வேண்டும். அதில் ஒவ்வொரு குறைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போதும்: என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். 'பூட்டுகளைச் சரிசெய்தல்' என்று பொதுவாக எழுதாமல், '3-ஆம் தளம், 314-ஆம் அறை, உள்தாழ்ப்பாள் பொருத்துதல்' என்று எழுதுங்கள். குறித்த தேதிக்கு மறுநாள் நீங்களே அந்த அறைக்குச் சென்று கதவைச் சாத்தித் தாழிட்டுப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடப் பயிற்சியை அதே அறையில், இந்த முறை இரவு ஷிஃப்டினரோடு நடத்துங்கள்.